மிக்காவுக்கு ஒரு வேலை விசா

"நாலாம் நம்பர் காட்டேஜ் வெள்ளைக்காரர் உங்ககிட்ட ஏதோ வேலை விசா பத்திப் பேசணுமாம் சார். ரொம்பத் தயங்கித் தயங்கிச் சொல்றார்" என்றாள் ரிசப்ஷனில் இருந்த வைஜெயந்தி.

ஜெகநாதன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"என்ன சொன்னே? வேலை விசாவா?"

"ஆமா சார். 'உங்க முதலாளி கோபப்படுவாரா'ன்னு வேற கேட்டார்."

"கோபமா? எனக்கா? அரே, போன வருஷம் வந்தாரு, இந்த வருஷமும் வந்திருக்காரு. வந்தவர் ஹேவ்லாக் தீவுக்குப் போனாரா, பழைய ஜெயிலைப் பார்த்தாரா? எங்கேயும் போகலை. இங்கேயே கிடக்கிறாரு. ஏன்? இந்த இடம் பிடிச்சுப்போச்சு. இங்கேயே வேலை பார்க்கணும்னு ஆசை. வாயைத் திறந்து கேக்கக் கூச்சம். நான் இருக்கேன்ல, பார்த்துக்கறேன்!"

ஜெகநாதனுக்கு எதையும் இரண்டாவது முறை யோசிக்கும் வழக்கம் கிடையாது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து போர்ட் பிளேருக்கு ரோடு கான்ட்ராக்ட் எடுக்க வந்த குடும்பம். சுனாமியில் கடல் உள்ளே புகுந்து ஊர் ஓரத்துச் சிப்பிகாட் வயல்கள் முழுகியபோது ஊரே தலையில் கை வைத்தது. ஜெகநாதன் மட்டும் கரையில் நின்று, "வாட்டர் வியூ நல்லா இருக்கே" என்றார். அப்படிப் பிறந்ததுதான் நீலக்காயல் ரிசார்ட்.

இப்போது ஒரே ஒரு குறை. பக்கத்துக் கரையில் நாகலிங்கம் என்பவரும் ஒரு ரிசார்ட் கட்டிவிட்டார். அங்கே ஓர் இத்தாலிக்காரப் பெண் காலையில் யோகா செய்கிறாள். அவள் சும்மா தங்க வந்தவள்தான். ஆனால் படகில் போகிற பயணிகள் எல்லாரும் அந்தக் கரையைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். சென்னையிலிருந்து பன்னீர்செல்வம் என்ற டூர் கம்பெனிக்காரர் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. இந்த சீசன் முழுவதும் தன் பயணிகளை இரண்டில் எந்த ரிசார்ட்டில் தங்கவைப்பது என்று அவர் பார்த்து முடிவு செய்யப்போகிறார். "இன்டர்நேஷனல் தரம் இருக்கணும் சார்" என்று போனில் மூன்று முறை சொல்லிவிட்டார்.

நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தார் பின்லாந்துக்காரர் மிக்கா. ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் இறால் மாதிரி சிவந்த முகம், அதிகம் பேசாத சுபாவம்.

ஜெகநாதன் அன்றைக்கே டவுனில் குட்வில் எஸ்டேட் பகுதிக்கு வண்டியை விட்டார். அங்கே சிவபிரகாஷ் ஒரு சின்ன ஆபீஸ் வைத்திருந்தார். கப்பல் டிக்கெட், பாஸ்போர்ட், பான் கார்டு, விசா என்று எல்லாவற்றுக்கும் ஊர் அவரிடம்தான் போகும்.

விஷயத்தைக் கேட்டதும் சிவபிரகாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணே, டூரிஸ்ட் விசாவுல வந்தவர் இங்க ஒரு துரும்பைக்கூட வேலைன்னு எடுத்துப் போடக்கூடாது. வேலை விசா வேணும்னா அவர் ஊருக்குத் திரும்பிப் போய், அங்கேருந்து அப்ளை பண்ணணும்."

"போகட்டும், வரட்டும். அதுக்கென்ன?"

"எல்லாருக்கும் குடுத்துட மாட்டாங்க. நல்ல தொழில் திறமை இருக்கணும். நம்ம ஆளுங்களே கிடைக்கிற வேலைக்குக் கிடையாது. இவருக்கு என்ன தெரியும்?"

ஜெகநாதன் யோசித்தார். "துடுப்புப் போடுவாரு."

"துடுப்புப் போட இந்தத் தீவுல ஆள் இல்லையா?"

"சிரிச்ச முகமா இருப்பாரு."

"அந்த மாதிரி ஒரு பிரிவு இல்லண்ணே. இன்னொண்ணு, வெளிநாட்டுக்காரருக்கு இவ்வளவுக்குக் குறையாம சம்பளம் குடுத்தே ஆகணும்னு ஒரு கணக்கு இருக்கு." தொகையைச் சொன்னார்.

ஜெகநாதனுக்கு இருமல் வந்தது. "அந்தச் சம்பளத்துக்கு நானே பின்லாந்து போய் அவர் வீட்டுல வேலை பார்ப்பேனே!"

"ஆனா ரெண்டு மூணு பிரிவுக்கு அந்தச் சம்பளக் கணக்கு கிடையாது. ஒண்ணு, இங்கிலீஷ் தவிர வேற வெளிநாட்டு மொழி சொல்லிக்குடுக்கிற வாத்தியார்."

"அடிச்சுட்டோம்! பின்லாந்து பாஷை வாத்தியார்!"

"சிப்பிகாட்டுல யாருண்ணே அதைப் படிப்பா?"

"டிரைவர் வெள்ளைச்சாமியைப் படிக்கச் சொல்றேன். சும்மாதானே உக்காந்திருக்கான்."

சிவபிரகாஷ் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதது போல் அடுத்ததற்குப் போனார். "இன்னொண்ணு, சமையல்காரர். தன் நாட்டுச் சாப்பாட்டைச் சமைக்கிறவர். பின்லாந்துச் சாப்பாடு சமைக்க இங்க ஆள் கிடையாதுல்ல?"

ஜெகநாதன் மேஜையைத் தட்டினார். "பஸ், போதும்! மிக்காதான் நம்ம பின்லாந்து குக்!"

"அவருக்குச் சமைக்கத் தெரியுமாண்ணே?"

"தெரியாட்டி என்ன? நான் இருக்கேன்ல."

அன்று மாலை மிக்கா காயல் ஓரம் நின்று சதுப்பு மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெகநாதன் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம். அதுவும் இரண்டு பேருக்குமே சொந்தமில்லை.

"வேலை விசா விஷயம் என் காதுக்கு வந்தது" என்றார் ஜெகநாதன்.

மிக்காவின் முகம் இன்னும் சிவந்தது. "மன்னிக்கணும். முதலிலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை."

"அதை விடுங்க. நான் எல்லாம் விசாரிச்சுட்டேன். சமையல்காரர் பிரிவு. சரிதானே?"

மிக்கா திகைத்தார். "அதேதான்! சமையல்காரர் பிரிவுதான்! உங்களுக்குச் சம்மதமா?"

"முழுச் சம்மதம்."

"உங்களுக்கு வருத்தம் இல்லையா?"

"எதுக்கு வருத்தம்? எனக்குச் சந்தோஷம்!"

மிக்கா ஜெகநாதனின் கையை விடவே இல்லை. அவர் கண் கலங்கிவிட்டது. "நீங்கள் மிகப் பெருந்தன்மையான மனிதர். எங்கள் ஊரில் ஒரு முதலாளிகூட இப்படிச் சொல்லமாட்டார்."

பாவம், அவர்கள் ஊரில் வேலைக்கு எவ்வளவு கஷ்டப்பட்டாரோ என்று ஜெகநாதனுக்கு உள்ளம் உருகியது.

மறுநாள் காலை சமையலறை அக்கா வசந்தகுமாரி அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். அவள் குடும்பம் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்து, சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேருக்கு வந்தது. அவள் சுடுகிற தேங்காய் ரொட்டிக்கும் இடிக்கிற சம்பல் துவையலுக்கும் காட்டேஜ் விருந்தாளிகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பேச்சில் யாருக்கும் பயப்படாதவள், அன்று மட்டும் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"மொதலாளி, மிக்கா தொரை சொன்னாருங்க. நீங்க ஒத்துக்கிட்டீங்களாமே? எனக்கு நம்பவே முடியல. சண்டை பிடிப்பீங்கன்னுதான் பயந்துபோய் இருந்தேன்."

வெள்ளைக்காரர் அடுப்படிக்கு வந்தால் தன் அதிகாரம் போய்விடும் என்று பயந்திருக்கிறாள் என்று ஜெகநாதன் புரிந்துகொண்டார்.

"நான் ஏன் சண்டை பிடிக்கிறேன்? நல்லது நடக்கும்போது குறுக்கே நிக்கிறவன் நான் இல்ல. அவர்கூட ஒத்துமையா இரு. அவர் சொல்ற பின்லாந்துச் சமையலைக் கத்துக்கோ. நீயும் அவருக்கு நம்ம சமையலைக் காட்டு."

"கட்டாயம் காட்டுறேங்க. அதுக்குத்தானே!" என்று அவள் கும்பிட்டாள். "உங்க மனசு வேற யாருக்கும் வராதுங்க மொதலாளி. ஆனா, அடுத்து இங்க ஆளுக்கு என்ன செய்வீங்கன்னு..."

"அதெல்லாம் அப்புறம். நான் இருக்கேன்ல."

பன்னீர்செல்வம் வருவதற்குள் ரிசார்ட் மாற வேண்டும். வாசலில் 'பின்லாந்து கிச்சன்' என்று போர்டு ஏறியது. மிக்காவை உட்காரவைத்து, "உங்க வீட்டுல என்ன சாப்பிடுவீங்க?" என்று ஜெகநாதன் விசாரித்தார். மிக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார்: பாலில் வேகவைத்த மீன், உருளைக்கிழங்கு, புளித்த கறுப்பு ரொட்டி.

"மிளகாய்?"

"இல்லை."

"புளி?"

"இல்லை."

"பின்ன எப்படி உயிரோட இருக்கீங்க?"

"அதனால்தான் இங்கே வந்தேன்" என்றார் மிக்கா.

சிவபிரகாஷ் போனில் எச்சரித்தார்: "அண்ணே, விசா வர்ற வரைக்கும் அவர் கரண்டியைத் தொட்டாகூடத் தப்பு. தொழில் செய்றார்னு ஆயிடும்."

ஆகவே மிக்காவுக்கு உயரமான வெள்ளைத் தொப்பி ஒன்று வைத்து, கையைப் பின்னால் கட்டச் சொல்லி, அடுப்புக்கு நாலடி தள்ளி நிறுத்திப் போட்டோ எடுத்தார் ஜெகநாதன். எதற்கு என்று மிக்கா கேட்கவில்லை. இந்த ஊரில் நன்றி சொல்கிற சடங்கு போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு பயபக்தியோடு நின்றார். மற்ற நேரமெல்லாம் வசந்தகுமாரி தேங்காய் துருவுவதையும் மாவு பிசைவதையும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தொழிலில் என்ன ஆர்வம் என்று ஜெகநாதன் வியந்தார்.

முதல் நாள், வசந்தகுமாரி சமைத்த பின்லாந்துச் சாப்பாடு மேஜைக்கு வந்தது. கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பாலில் மிதந்த மீனைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தது. இரண்டாம் நாள் மூன்று காட்டேஜ்கள் நாகலிங்கத்தின் ரிசார்ட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டன.

"இது சரிப்படாது மொதலாளி" என்றாள் வசந்தகுமாரி. "மாட்டுப் பாலுக்குப் பதிலா தேங்காய்ப்பால் ஊத்துறேன். கொஞ்சம் மஞ்சள், கறிவேப்பிலை, பச்சை மிளகாய். பக்கத்துல சம்பல் வைக்கிறேன். பேரை மட்டும் நீங்க பின்லாந்துன்னு போட்டுக்கங்க."

"அது சொதி ஆச்சே."

"இங்க சொதிங்க. போர்டுல பின்லாந்து சூப்."

அந்த சூப்பைக் குடிக்க, விட்டுப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். நாகலிங்கத்தின் விருந்தாளிகளும் சிலர் வந்தார்கள். கடைசியில் அந்த இத்தாலிக்காரியே வந்து இரண்டு கிண்ணம் குடித்தாள். நாகலிங்கம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர் இல்லை.

பன்னீர்செல்வம் வந்த நாளன்று மதியம் ஜெகநாதன் அவரைப் பெரிய மேஜையில் உட்காரவைத்தார். அவருக்கு எதிரே, தொப்பி வைத்த மிக்கா. பன்னீர்செல்வம் ஒரு வாய் சூப்பைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"சார், இதுதான் இன்டர்நேஷனல்! செஃப் இவர்தானா?"

"இவரேதான். நேரா பின்லாந்திலேருந்து" என்றார் ஜெகநாதன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. வெளிநாட்டவர் விவகாரம் பார்க்கும் போலீஸ் அதிகாரி பிஸ்வாஸ் இறங்கி வந்தார். வங்காளி, நிதானமான மனிதர்.

"ஜெகநாதன்ஜி, ஷிகாயத் ஆயீ ஹை" என்றார். புகார் வந்திருக்கிறதாம், டூரிஸ்ட் விசாவில் வந்த ஒரு வெள்ளைக்காரரை இங்கே சமையல்காரராக வைத்து வேலை வாங்குகிறார்களாம்.

புகார் எந்தக் கரையிலிருந்து வந்தது என்று ஜெகநாதனுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கலங்கவில்லை. பிஸ்வாஸுக்கு இந்தி. பன்னீர்செல்வத்துக்குத் தமிழ். நடுவில் தான் ஒருவர். இதைவிட வசதியான ஏற்பாடு உண்டா? பிஸ்வாஸையும் அதே மேஜையில் உட்காரவைத்து சூப் கொண்டுவரச் சொன்னார்.

"யே குக் ஹை க்யா?" சமையல்காரரா என்று மிக்காவைக் காட்டிக் கேட்டார் பிஸ்வாஸ்.

"நஹி ஸாப்! மெஹ்மான் ஹை. சிர்ஃப் மெஹ்மான்." வெறும் விருந்தாளி என்று அடித்துச் சொன்னார் ஜெகநாதன்.

"என்ன சார் கேக்கிறார்?" என்றார் பன்னீர்செல்வம்.

"செஃப்புக்குக் கை மணம் எப்படி வந்துதுன்னு கேக்கிறார். பத்து வருஷமா அடுப்படியிலேயே நிக்கிறவர்னு சொன்னேன்."

"டோபி க்யோன் பஹ்னி ஹை?" தொப்பி எதற்கு என்று பிஸ்வாஸ் கேட்டார்.

"தூப் பஹுத் ஹை ஸாப்." வெயிலாம்.

"இப்ப என்ன?" என்றார் பன்னீர்செல்வம்.

"தொப்பி நல்லா இருக்காம். பின்லாந்துல பெரிய செஃப்புக்கு மட்டும்தான் இவ்வளவு உயரத் தொப்பி குடுப்பாங்கன்னு விளக்கினேன்."

பிஸ்வாஸ் ஒரு கரண்டி சூப்பைக் குடித்தார். இன்னொரு கரண்டி குடித்தார். பிறகு கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நல்ல மதுரைத் தமிழில் சொன்னார்:

"எனக்குத் தமிழ் தெரியும்ங்க. இதே தீவுல பெரார்கஞ்ச்ல எங்க பக்கத்து வீடே மதுரைக்காரங்கதான். சின்ன வயசுல அவங்க வீட்டுலதான் வளந்தேன்."

பன்னீர்செல்வம் ஜெகநாதனைத் திரும்பிப் பார்த்தார். மிக்கா மட்டும் ஒன்றும் புரியாமல் சம்பலைத் தொட்டு நக்கினார்.

"இப்ப தமிழ்லயே கேக்குறேன். இந்த சூப்பை வச்சது யாரு?"

பன்னீர்செல்வமும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்த வசந்தகுமாரிதான் முன்னால் வந்தாள்.

"நான்தாங்க வச்சேன். ரொட்டியும் நான்தான், சம்பலும் நான்தான். மிக்கா தொரை இந்த அடுப்படியில ஒரு தீக்குச்சி கிழிச்சது கிடையாது. வேணும்னா இங்கேயே அடுப்பை மூட்டி இன்னொரு சட்டி வச்சுக் காட்டுறேன்."

"அப்ப பின்லாந்து செஃப்னு சொன்னதெல்லாம்?" என்று பன்னீர்செல்வம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போனால் நேரே நாகலிங்கத்தின் கரைதான்.

விழுந்த இடத்திலேயே வாட்டர் வியூ பார்க்கிற மனிதரல்லவா ஜெகநாதன்? எழுந்து நின்று வசந்தகுமாரியைப் பெருமையோடு காட்டினார்.

"சொன்னது பொய் இல்ல சார்! பின்லாந்து செஃப் இவங்கதான்! பேரு வசந்தகுமாரி. பின்லாந்து அளவுக்குப் போக வேண்டிய கை இவங்க கை! இந்தத் தீவு முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு சமையல் கிடையாது. வேணும்னா அந்த நாட்டுக்காரரையே கேளுங்க!"

அவர் இங்கிலீஷிலும் சொன்னார். மிக்கா துள்ளி எழுந்து கை தட்டினார். "உண்மை! முற்றிலும் உண்மை!" பிறகு போனை நீட்டினார். "இதையே இன்னொரு முறை கேமராவைப் பார்த்துச் சொல்ல முடியுமா? என் மனைவி கேட்க வேண்டும்."

ஜெகநாதன் சட்டையைச் சரிசெய்துகொண்டு, முன்பைவிட நன்றாகச் சொன்னார். வசந்தகுமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிஸ்வாஸ் சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, புகாரில் ஒன்றுமில்லை என்று சொல்லி, இன்னொரு கிண்ணம் சூப் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். போகும்போது மட்டும், "அந்தத் தொப்பியைக் கழட்டிடச் சொல்லுங்க" என்றார்.

பன்னீர்செல்வம் ஜெகநாதனைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், எனக்கு வெள்ளைக்காரரே வேண்டாம். இந்த அம்மா போதும். வர்ற சனிக்கிழமை முதல் குரூப் வருது. சீசன் முழுக்க உங்ககிட்டதான். ஒரே கண்டிஷன், அடுப்படியில இவங்கதான் நிக்கணும். இவங்க இல்லேன்னா ஒப்பந்தம் இல்லை. எழுதிடலாமா?"

"தாராளமா எழுதுங்க! அவங்க எங்கே போயிடப் போறாங்க?"

கையெழுத்தானது. சிப்பிகாட் காயலைப் பார்த்து நின்ற ஜெகநாதனுக்கு உலகம் தன் பக்கம் சாய்ந்திருப்பதாகப் பட்டது. வேலை விசா, பிரிவு, சம்பளக் கணக்கு ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு சங்கடம். ஆசையோடு காத்திருக்கும் மிக்காவிடம் வேலை இல்லை என்று சொல்ல வேண்டும். மெதுவாகப் போய் அவர் தோளில் கை வைத்தார்.

"மிக்கா, நாளன்னைக்குக் காலை ப்ளைட்டுன்னு கேள்விப்பட்டேன். ஊருக்குப் போய் நிம்மதியா இருங்க. இந்த வேலை விசாவுக்காக இனிமே நீங்க அலைய வேண்டாம்."

"இனிமேல் அலைச்சல் ஒன்றுமில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது" என்றார் மிக்கா. "உங்களை என் ஆயுள் முழுக்க மறக்க மாட்டேன்." அவர் கட்டிப்பிடித்ததில் ஜெகநாதனின் கால் தரையில் படவில்லை.

எவ்வளவு நாகரிகமாக ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்கிறார் என்று ஜெகநாதனுக்கு மரியாதை கூடியது.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் வசந்தகுமாரியும் வந்து நின்றாள். "போய்ட்டு வர்றேங்க மொதலாளி. நேத்து எல்லார் முன்னாடியும் நீங்க சொன்னது போதும். அதைக் கேட்டதே எனக்குப் பெரிய ஆசீர்வாதம்."

"போய்ட்டு வா, போய்ட்டு வா. காலையில சீக்கிரம் வந்துடு" என்றார் ஜெகநாதன்.

அவள் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். பாராட்டுக்கு ஏங்கிப்போய் இருந்திருக்கிறாள். இனிமேல் அடிக்கடி பாராட்ட வேண்டும் என்று ஜெகநாதன் முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் காலை டீ வரவில்லை. ஜெகநாதன் சமையலறைக்குப் போனார். அடுப்பு மூட்டவில்லை. பாத்திரங்கள் எல்லாம் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வசந்தகுமாரிக்குப் போன் போட்டார், அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

"வைஜெயந்தி! வசந்தகுமாரி எங்கே?"

"தெரியலையே சார். நானும் காபிக்குத்தான் காத்திருக்கேன்."

மிக்காவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வண்டி திரும்பி வந்தது. வெள்ளைச்சாமி கண்ணைக் கசக்கிக்கொண்டே இறங்கினான்.

"என்னடா, அழுறியா?"

"பின்னே என்ன மொதலாளி? அக்கா வண்டியில ஏறினதுலேருந்து உங்க புகழ்தான் பாடிட்டு வந்துச்சு. இந்த மாதிரி மொதலாளி யாருக்கும் கிடைக்க மாட்டாருன்னு."

"அக்காவா? எந்த அக்கா? அவளும் வண்டியில வந்தாளா?"

"ஆமா மொதலாளி. ரெண்டு பேரையும் சேத்துத்தானே ஏத்தி விட்டேன். மிக்காவும் அவர் சம்சாரமும் பின்லாந்துல ஹோட்டல் நடத்துறாங்கள்ல? அங்க சமைக்க அக்காவுக்குப் போன வருஷமே மனு போட்டு, இப்ப வேலை விசா வந்திருக்கு."

ஜெகநாதன் கப்பலில் நிற்பவர் மாதிரி வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார். "அட மடையா, அந்த ஆளு நம்மகிட்ட வேலைக்குச் சேரத்தானேடா வேலை விசா கேட்டாரு?"

வெள்ளைச்சாமி அவரை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"அவர் வேலை தேடி வந்தவர் இல்லீங்களே மொதலாளி, ஆள் தேடி வந்தவரு!"